30 இலட்சத்தை எந்த ஊர் வங்கியில் போடுவது?

எங்கள் நண்பர் கூட்டத்திடம் 30 இலட்சம் ரூபாய் இருக்கிறது. நாங்கள் 9 பேர். படிப்பு முடிந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து இங்கேயே வேர்விட்டவர்கள். ஒருவர் வெள்ளவத்தை, ஒருவர் கொட்டாஞ்சேனை, நான் தெகிவளை. ஆனால் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால் கோட்டை ரயில் நிலையத்தில் மூன்று திசையாகப் பிரிவோம்: கிளிநொச்சி, மட்டக்களப்பு, ஹட்டன். மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று பத்து வருடத்துக்கு மேல் சேர்த்த காசு அது. அதன் வட்டி மூன்று ஊரிலும் பள்ளிப் பிள்ளைகளின் செலவுக்குப் போக வேண்டும், முதற்பணம் ஊரிலேயே இருந்து ஊர்ச் சனத்துக்குக் கடனாகச் சுற்ற வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தோம்.

இன்றுவரை வட்டி மட்டும்தான் சொன்னபடி போகிறது. முதற்பணம் காலி வீதியில் உள்ள ஒரு வணிக வங்கியில் நிலையான வைப்பாகக் கிடக்கிறது. பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் நாட்டின் வங்கிக் கடனில் பெரும்பங்கு மேல் மாகாணத்துக்குள்ளேயே போய்விடுகிறது. எங்கள் காசும் அந்த ஓட்டத்தில்தான் சேர்ந்திருக்கிறது. அதை எடுத்து ஊர்ப்பக்கத்து வங்கிகளில் போடுவதென்று போன மாதம் தீர்மானித்தோம். எந்த வங்கி, எந்த ஊரில் எவ்வளவு என்பதில்தான் வாக்குவாதம். நான் கணக்காய்வில் பல வருடம் இருந்தவன், கிளை கிளையாகப் புத்தகம் பார்த்தவன் என்பதால் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. கூட்டத்துக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். இப்படி ஊர்க்காசு வைத்திருக்கும் சங்கங்கள் கொழும்பில் இன்னும் நிறைய இருக்கின்றன.

கிராமிய வங்கி என்று நாம் பொதுவாகச் சொல்வது நம் நாட்டில் ஒரே வகை அல்ல. முதலாவது, பிரதேச அபிவிருத்தி வங்கி. 1985 இல் மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள்தான் அதன் வேர். களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களவில் முதலாவது திறந்தது. அவை 17 ஆகப் பெருகி, 1997 சட்டத்தின்கீழ் ருகுணு, ரஜரட்ட, வயம்ப, ஊவா, கந்துரட்ட, சப்ரகமுவ என்று 6 வங்கிகளாகச் சுருங்கின. 2010 மே மாதம் அந்த ஆறும் ஒன்றாகி, களனியில் தலைமையகம் கொண்ட அரச வங்கியாயின. இரண்டாவது, கூட்டுறவுக் கிராமிய வங்கி. 1964 இல் மக்கள் வங்கியின் துணையோடு தொடங்கியது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. மூன்றாவது, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களும், அந்த இயக்கத்திலிருந்து 1997 இல் பிறந்த சணச அபிவிருத்தி வங்கியும். நான்காவது, சமுர்த்தி வங்கிகள். இந்த நான்காவதை எங்கள் ஒப்பீட்டில் முதலிலேயே விட்டுவிட்டேன். அது நிவாரணம் பெறும் குடும்பங்களுக்கென்று அமைந்த ஏற்பாடு, வெளியிலிருந்து ஒரு கூட்டம் காசு கொண்டுபோய் வைக்கும் இடம் அல்ல.

அந்த ஆறு பெயர்களை இன்னொரு தடவை பாருங்கள். வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. அங்குள்ள கிளைகள் பெரும்பாலும் போர் முடிந்தபின் வந்தவை. குருநாகல் பக்கத்துக் கிளை அப்பனுக்குக் கடன் கொடுத்து, மகனுக்குக் கொடுத்து, இப்போது பேரனின் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறது. கிளிநொச்சியிலோ வாடிக்கையாளர் யாரென்று வங்கி அறிந்துகொள்ளவே பல வருடம் போயிருக்கும். இந்த வயது வித்தியாசத்தைக் கழிக்காமல் இரண்டு கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி போடுவது நியாயமில்லை.

போன கூட்டத்துக்கு ஒரு நண்பர் அப்படியொரு புள்ளிப் பட்டியலோடுதான் வந்தார். மூன்று ஊரிலும் தெரிந்த முகாமையாளர்களிடம் தொலைபேசியில் கேட்டு, கடன் நிலுவை வீதத்தை, அதாவது கொடுத்த கடனில் தவணை தவறி நிற்கும் பங்கை, வரிசைப்படுத்தியிருந்தார். ஹட்டன் பக்கம் மிகக் குறைவு, மட்டக்களப்பு நடுவில், கிளிநொச்சி உச்சத்தில். "ஹட்டனில்தான் நல்ல வங்கி, முழுக் காசையும் அங்கேயே போடுவம்" என்றார். மூன்று இலக்கமும் டிசம்பர் 31 அன்றைய நிலுவை என்று பட்டியலின் அடியில் எழுதியிருந்தது. எனக்கு அந்த வரிதான் கண்ணில் குத்தியது.

வங்கிகளின் கணக்கு வருடம் டிசம்பர் 31 இல் முடிகிறது. அன்றைக்குக் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் எப்படியிருக்கும்? மாரிமழைக்கு விதைத்த காலபோக நெல் பயிராக நிற்கும். ஒக்டோபர், நவம்பரில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் செலவழித்த காசு முழுவதும் சேற்றுக்குள் இருக்கும். கையில் ஒரு சதம் இருக்காது. ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரைதான் அரிவி வெட்டு. 3 இலட்சம் கடன் எடுத்த ஒருவரை உதாரணத்துக்கு எடுங்கள். வங்கி அதை மாதத் தவணையாகப் பிரித்திருந்தால் ஒக்டோபரில் அவர் பின்தங்கத் தொடங்குவார். 90 நாள் தாண்டியதும் அவரது கடன் கெட்ட கடன் பட்டியலில் ஏறும். மார்ச்சில் நெல்லை விற்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டிவிடுவார். அதே மனிதர், அதே கடன். டிசம்பரில் பார்த்தால் கடன் கட்டாதவர், ஏப்ரலில் பார்த்தால் முதல்தரமானவர். இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார், மாதம் ஒரு தடவை காசு கணக்குக்கு வருகிறது, தவணை தானாகக் கழிகிறது. அந்தப் பக்கத்துக் கிளையின் நிலுவை குறைவாக இருப்பதில் முகாமையாளரின் திறமை பாதியென்றால், கொழுந்து வருடம் முழுவதும் துளிர்ப்பது மீதிப் பாதி.

ஆகவே நெல்லூர்க் கிளையைப் பார்ப்பதென்றால் ஏப்ரல், மே மாத இலக்கத்தைக் கேளுங்கள். அதோடு குறைந்தது நான்கைந்து காலபோகம் சேர்த்துக் கேளுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூழ்கடித்தது. 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து, நவம்பரில் தடையை எடுத்தபோது அந்தக் காலபோகத்துக்கு நேரம் கடந்துவிட்டது. இப்படி அடி விழுந்த வருடங்களில் நிலுவை ஏறாத கிளை இருந்தால் அது வயலுக்குக் கடனே கொடுக்காத கிளையாகத்தான் இருக்கும்.

ஆனால் 2020 முதல் 2022 வரையான இலக்கங்களை, உரத் தடை வருடம் உட்பட, நான் ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. கொரோனாக் காலத்தில் கொடுத்த தவணைச் சலுகை பல தடவை நீண்டது. சலுகைக்குள் இருக்கும் கடன் நிலுவையில் தெரியாது. அது முடிந்த கையோடு பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டியது. அந்த மூன்று வருடத்தில் எந்தக் கிளையின் இலக்கமும் அந்தக் கிளையைப் பற்றிப் பேசவில்லை.

சரி, நிலுவை குறைவாக இருந்தால் அது எப்போதும் நல்லதா? கிளிநொச்சியில் நான் பார்த்த ஒரு காட்சி இதற்குப் பதில் சொல்லும். பரந்தன் தாண்டி, வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். தார் வீதியின் ஒரு பாதியில் மஞ்சளாய் நீளத்துக்கு நெல், ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் வெறுங்காலால் அதைக் கிளறிக்கொண்டு நடந்தார். பக்கத்திலேயே ஒரு லொறி நின்றது. அதில் ஏறியது காய்ந்த நெல்லல்ல, வெட்டு மெசினிலிருந்து நேரே வந்த ஈர நெல். ஈர நெல்லுக்கு விலை குறைவு, எடையிலும் கழிப்பார்கள். ஏன் காயவிட்டு விற்கவில்லை என்று கேட்டேன். "நெல்லுக் காயமுதலே வங்கிக் கடிதம் வந்திட்டுது, தம்பி. பாதியையாவது வித்துக் கட்டினால்தான் சிறுபோகத்துக்குத் திரும்பக் கேக்கலாம்" என்றார். கடிதம் மடித்தபடி சட்டைப் பையில் இருந்தது. காட்டினார். கடன் முடிவுத் திகதி மார்ச் 15.

அந்தக் கிளையின் மீளச்செலுத்தல் வீதம் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த வீதத்துக்கு விலை கொடுத்தவர் வீதியில் நெல் கிளறிய பெரியவர். தவணை மே கடைசி வரை போயிருந்தால் அவர் நெல்லைக் காயவைத்து, நெல் சந்தைப்படுத்தல் சபை கொள்வனவைத் தொடங்கும் வரையோ தனியார் விலை ஏறும் வரையோ வீட்டில் அடுக்கி வைத்திருப்பார். வங்கிக்கும் காசு வந்திருக்கும், இரண்டு மாதம் பிந்தி. அதனால் கிளிநொச்சிக்கு வங்கி தெரிவு செய்யும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது நிலுவை வீதத்தை அல்ல. காலபோகக் கடனுக்கு முடிவுத் திகதி என்ன, அது மாதத் தவணையா அறுவடைக்குப்பின் ஒரே தவணையா என்பதைத்தான். ஒரே தவணையும் மே மாதமும் என்றால் அந்த முகாமையாளருக்கு வயல் தெரியும்.

ஹட்டன் பக்கத்துக் கதை வேறு. அங்கே நிலுவை குறைவு என்பது உண்மை. ஆனால் கிளையின் கடன் யாருக்குப் போயிருக்கிறது? மரக்கறித் தோட்டக்காரர், கடைக்காரர், வான் வைத்திருப்பவர், ஆசிரியர். அதே கிளையில் சேமிப்புப் புத்தகம் வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் லயத்துக் குடும்பங்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள். அவர்கள் காசு உள்ளே போகிறது, கடனாக வெளியே வருவதில்லை. காரணம் பிணை. சின்னக் கடனுக்குக்கூட அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கமான கேள்வி. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சொந்தத்துக்குள் ஓர் ஆசிரியரும் ஒரு கிராம உத்தியோகத்தரும் இருப்பார்கள். லயத்தில் அந்த இரண்டு கையெழுத்தைத் தேடுவது பெரிய பாடு. காணியை வைக்கலாமென்றால் இருக்கும் வீட்டுக்கே உறுதி இல்லை. 7 பேர்ச் காணியில் புதுவீடு கிடைத்தவர்களிலும் பலருடைய கையில் உறுதி வந்து சேரவில்லை.

எங்கள் ஹட்டன் நண்பரின் அக்கா தையல் மெசின் வாங்கக் கடன் கேட்டுப் போனார். கொழுந்து பறிக்கும் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகி, 2024 இல் 1,350 ஆனது. அந்த 1,350 கணக்கில் மாதம் 20 நாள் பேர் விழுந்தால், அதாவது வேலை பதிவானால், 27,000 ரூபாய். கணவனுக்கும் அதே அளவு. தவணை கட்டக்கூடிய வருமானம்தான், அதுவும் மாதா மாதம் 10ஆம் திகதி வாக்கில் தவறாமல் வருவது. வங்கிக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். "பிணைக்கு ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க அக்கா" என்று படிவத்தைக் கொடுத்தார். படிவம் இன்றைக்கும் அலுமாரிக்குள் இருக்கிறது. அவரைப் போன்றவர் நிலுவைப் பட்டியலில் வரமாட்டார், கடன் பட்டியலிலும் வரமாட்டார். கிளையின் இலக்கம் சுத்தமாக இருக்கும். ஆகவே மலையகத்தில் நிலுவையை விட்டுவிட்டு, வைப்பு 100 ரூபாய்க்குக் கடன் எத்தனை ரூபாய், அதில் தோட்டத் தொழிலாளருக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

வைப்புக்கும் கடனுக்கும் உள்ள இந்த விகிதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிளை ஊரில் சேர்த்த காசை ஊரிலேயே கடனாகக் கொடுக்காவிட்டால் மிச்சத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பும். தலைமையகம் அதற்கு உள்வட்டி கொடுக்கும். அந்த உள்வட்டி கிளையின் இலாபத்தில் சேரும். அதாவது ஒருவருக்கும் கடன் கொடுக்காமலே ஒரு கிளை இலாபம் காட்டலாம். வெளிநாட்டுக் காசு வந்து குவியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிளைகள் இப்படி இலாபமாகத் தெரிவதுண்டு. மறுபக்கத்தில் மோட்டார் சைக்கிளில் கடன் உத்தியோகத்தரை 20 கிலோமீட்டர் அனுப்பி 50,000 ரூபாய்க் கடனுக்கு வயல் பார்த்துவரச் செய்யும் கிளை, செலவு கூடி இலாபத்தில் பின்னுக்கு நிற்கும். கிராமிய வங்கி எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்வது இரண்டாவது கிளைதான். அதனால் கிளை இலாபத்தை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. இதில் எனக்கும் ஒரு நண்பருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. இலாபமில்லாத கிளையை நாளைக்கு மூடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். நியாயமான பயம்தான்.

இனி மட்டக்களப்பு. எனக்கு அதிகம் மனம் கனத்த இடம் இது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கிராமிய வங்கிக்கு ஜனவரி மாதம் போயிருந்தேன். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம். சின்ன மண்டபம், இரண்டு யன்னல், மரப் பலகைக் கவுண்டர். அடகுப் பகுதியில்தான் சனம். ஓர் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சங்கிலியை அவிழ்த்துக் கொடுத்தார். உத்தியோகத்தர் அதை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார், தராசில் வைத்தார், சிட்டை எழுதினார். எல்லாம் பத்து நிமிடம். பிணையாளர் தேவையில்லை, படிவம் ஒரு பக்கம். காசை எண்ணி வாங்கியவர் வாசலிலேயே அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கு கொப்பிக்கும் சப்பாத்துக்கும். மற்றப் பங்கு எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கிழமைக் கடன் வசூலிக்கும் பையன் வெளியில் மோட்டார் சைக்கிளில் காத்து நின்றான்.

வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப்பின் வந்த நுண்கடன் கம்பனிகளின் கதை எல்லோருக்கும் தெரியும். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, கிழமைக்குக் கிழமை வசூல். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, அதைக் கட்ட மூன்றாவது. 2018 இல் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வந்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் வரையான கடனைக் கட்டும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 35 உச்சவரம்பு என்றால் அதற்கு முன் எங்கே நின்றதென்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கடன்களில் எத்தனையோ தவணை கிராமிய வங்கியில் அடகு வைத்த காசால்தான் போயிருக்கிறது.

இங்கேதான் ஒப்பிடுபவர் ஏமாந்துபோவார். அடகுக் கடனில் நிலுவை மிகக் குறைவு. கட்டாவிட்டால் ஏலம், வங்கிக்கு நட்டமில்லை. அடகு கூடக்கூடக் கிளையின் இலக்கம் அழகாகும், ஊரின் கழுத்து வெறுமையாகும். அதிலும் ஆபத்தில்லாமல் இல்லை. 2013 இல் உலகச் சந்தையில் தங்க விலை விழுந்தபோது சனம் நகையை மீட்காமல் விட்டது, அடகில் தங்கியிருந்த இலங்கை வங்கிகள் நன்றாக அடிபட்டன. ஆகவே கிழக்கில் மூன்று கேள்வி: மொத்தக் கடனில் அடகு எவ்வளவு, அந்த அடகில் எவ்வளவு மீட்கப்படுகிறது, எவ்வளவு ஏலத்துக்குப் போகிறது. மீட்பு நன்றாக இருந்தால் அடகும் நல்ல கடன்தான். பெரிய வயற்காரரான போடியாரிடமும் கிழமைக் கடன்காரனிடமும் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

கூட்டுறவுக் கிராமிய வங்கியை நான் இவ்வளவு நேரம் விரும்பிப் பேசுவதுபோல் இருக்கும். விரும்புகிறேன், மறைக்கவில்லை. 1936 இல் யாழ்ப்பாணத்து மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கட்டிய வழி நமது. சனத்துக்கு மிகக் கிட்டத்தில் இருப்பதும் இந்தக் கிராமிய வங்கிதான். ஆனால் காசு போடுவதற்கு முன் இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, வங்கியும் கடையும் ஒரே சங்கத்துக்குள் இருப்பது. பலநோக்குச் சங்கம் அரிசிக் கடையும் நடத்தும், எரிபொருள் நிலையமும் நடத்தும், சில இடத்தில் ஆலையும் நடத்தும். வியாபாரத்தில் விழுந்த துண்டை வங்கிப் பகுதியின் காசால் அடைத்த கதைகள் எந்த மாகாணத்திலும் உண்டு. வங்கிப் பகுதிக்குத் தனி ஐந்தொகை இருக்கிறதா, வங்கிக் காசில் எவ்வளவு சங்கத்தின் மற்ற வேலைகளுக்குக் கடனாகப் போயிருக்கிறது என்று கேளுங்கள். கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயம் என்பதால் கணக்காய்வு எவ்வளவு இறுக்கம் என்பதும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். கடைசியாக முடிந்த கணக்காய்வு எந்த வருடத்துக்கு என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். போன வருடக் கணக்கை எடுத்து மேசையில் வைக்கும் சங்கமும் இருக்கிறது, மூன்று நான்கு வருடம் பிந்தி நிற்கும் சங்கமும் இருக்கிறது.

மற்றது, வைப்புக் காப்புறுதி. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் மட்டுமே இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் அடங்கும். பிரதேச அபிவிருத்தி வங்கி அடங்கும், சணச அபிவிருத்தி வங்கி அடங்கும். கூட்டுறவுக் கிராமிய வங்கியும் சிக்கன கடனுதவு சங்கமும் அடங்கா. காப்புறுதி உச்சம் 2021 முதல் 11 இலட்சம் ரூபாய். அது ஒரு வைப்பாளருக்கு, ஒரு நிறுவனத்தில். கிளைக்கு அல்ல. எங்கள் கூட்டத்தில் பலர் இதைத்தான் பிழையாக விளங்கியிருந்தார்கள். பிரதேச அபிவிருத்தி வங்கியின் மூன்று ஊர்க் கிளையில் மூன்று 10 இலட்சம் போட்டாலும் காப்புறுதிக் கணக்கில் அது ஒரே 30 இலட்சம். திரும்பி வருவது உறுதியானது 11 மட்டும். அரச வங்கி விழாது என்று ஒருவர் சொன்னார். விழாது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் பிள்ளைகளின் காசை என் நம்பிக்கையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

இவற்றையெல்லாம் வைத்து நான் எழுதிக் கொடுத்த பிரிப்பு இது.

மலையகத்துக்கு 10 இலட்சம், பிரதேச அபிவிருத்தி வங்கி. அங்கே குறைவாக இருப்பது காசு அல்ல, பிணை. எங்கள் வைப்பையே பிணையாக எழுதிக்கொடுத்து, லயத்துக் குடும்பங்களுக்கு இரண்டு உத்தியோகத்தர் கையெழுத்து இல்லாமல் 50,000, 1 இலட்சம் என்று கடன் கொடுக்க முகாமையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். வைப்பின் மேல் உரிமை எழுதி வாங்கிக் கடன் கொடுப்பது வங்கிக்குப் புதிதல்ல. யாராவது கட்டாமல் விட்டால் எங்கள் முதற்பணத்தில் கழியும், அதைத் தெரிந்துகொண்டே செய்கிறோம். வட்டியும் சேர்ந்து 11 இலட்சத்தைத் தாண்டாமலிருக்க வட்டியை மாதா மாதம் வெளியே எடுத்துப் பள்ளிக்கூடக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

கிளிநொச்சிக்கு 10 இலட்சம். இதற்கு நிறுவனத்தின் பெயரை நான் முன்கூட்டி எழுதவில்லை. மலையகத்தில் போட்ட வங்கியாக இருக்கக்கூடாது, உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும், காலபோகக் கடனின் முடிவுத் திகதியை மே வரை விடுவதாக இருக்க வேண்டும். சணச அபிவிருத்தி வங்கியையும், மக்கள் வங்கியின் விவசாயக் கடன் பகுதியையும் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். யார் மே என்று எழுத்தில் தருகிறாரோ அவரிடம்.

மட்டக்களப்பின் 10 இலட்சத்தில் 7 உரிமம் பெற்ற வேறொரு வங்கியில், 3 மட்டும் படுவான்கரைக் கூட்டுறவுக் கிராமிய வங்கியில். அந்த 3 இலட்சத்துக்குக் காப்புறுதி இல்லை. போனால் போகும் என்று 9 பேரும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போடலாம். நான் போடுவேன். நிபந்தனை ஒன்று: கிழமைக் கடனில் மாட்டிய பெண்களுக்கு நகை மீட்க உதவும் சின்னக் கடனாக அது சுற்ற வேண்டும், வருடம் ஒரு தடவை மீட்பு எண்ணிக்கையை எங்களுக்குக் காட்ட வேண்டும்.

மலையகத்துக்கும் கிழக்குக்கும் இடத்தை மாற்றி யோசித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. ஹட்டனில் அடகு வைக்க நகை குறைவு. மட்டக்களப்பில் பிணையாளர் கிடைக்கிறார், அதனால் வைப்புப் பிணை அங்கே வீணாகும். கிளிநொச்சியில் இரண்டையும்விட நாட்காட்டிதான் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை வாசித்தேன். பட்டியல் கொண்டுவந்த நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏப்ரல், மே என்று இரண்டு நிரல் கீறினார். "திரும்ப மூன்று பேருக்கும் எடுத்துக் கேக்கிறன்" என்றார். ஹட்டன் நண்பருக்கு ஒரு குறை: முதற்பணம் கழிந்தால் அடுத்த வருடம் பிள்ளைகளின் வட்டி குறையுமே என்று. அதற்கு வழி இருக்கிறது. மாதச் சந்தாவை நிறுத்தாமல் தொடர்ந்து, கழியும் அளவை அதிலிருந்து நிரப்பலாம். ஆளுக்கு எவ்வளவு என்பது முடிவாகவில்லை.

கிளிநொச்சிக்கு நானும் இன்னொருவரும் மார்ச் முதல் கிழமை போகிறோம். வங்கி திறக்கும் நேரத்துக்கு முன்பே பரந்தன் வீதியில் இறங்கிவிட வேண்டும். அந்தப் பெரியவரைக் கண்டால் இந்த வருடக் கடிதத்தின் திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகுதான் முகாமையாளரிடம் போவோம்.